பதினொன்றரை மணிக் காற்று

காற்றுக்காரர் பதினான்கு வருடங்களில் எழுதி முடித்த நோட்டுகள் இருபத்தொன்பது. முப்பதாவது பாதியில் நிற்கிறது. அத்தனையிலும் ஒரே ஒரு வரிதான் பொய்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. மிதவையில் எல்லோருக்கும் அவர் காற்றுக்காரர். மிதவை என்பது துறைமுகத்துக்குள் வேலை இருக்கிற இடத்துக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போகிற தட்டையான இரும்புப் படகு. அதன் மேல் ஒரு கிரேன், ஒரு தகரக் கொட்டகை, டைவர் இறங்க ஓர் ஏணி, ஒரு கம்ப்ரசர். தண்ணீருக்கடியில் வேலை செய்கிற டைவருக்குக் குழாய் வழியாக மூச்சுக் காற்றை அனுப்புவது அந்தக் கம்ப்ரசர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை.

பார்க்க எளிதான வேலை. ஆனால் கம்ப்ரசரை ஓட்டுவது ஒரு டீசல் எஞ்சின். எஞ்சின் புகையை விடும். பக்கத்திலேயே கம்ப்ரசர் காற்றை உறிஞ்சும். அதனால் உறிஞ்சுகுழாயின் வாயை ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கம்பத்தில், காற்று வருகிற பக்கமாகக் கட்டவேண்டும். புகை மறுபக்கம் போய்விடும். காற்று திசை மாறினால் கம்பத்தையும் மாற்றிக் கட்டவேண்டும். புகையின் எண்ணெய் வாடையை வடிகட்டி பிடித்துவிடும். ஆளைக் கொல்லுகிற வாயுவைப் பிடிக்காது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

கம்பத்தின் நுனியில் பழைய சிவப்புத் தலையணை உறையிலிருந்து கிழித்த நாடா ஒன்றைக் கட்டியிருப்பார். அரை மணிக்கு ஒரு முறை அதைப் பார்த்து நோட்டில் ஒரு வரி எழுதுவார். அழுத்தம், எண்ணெய், வடித்த தண்ணீர், காற்று வரும் திசை. பதினான்கு வருடம் இதைச் செய்தவருக்குக் கண் அப்படியே பழகிவிட்டது.

"யார் வீட்டுக்குப் போனாலும் முதல்ல கொடியில காயுற துணியைத்தான் பாப்பார்" என்று அவர் மனைவி சொல்வாள். "அந்த வீட்டுப் பொம்பளைங்க என்ன நினைப்பாங்க?"

"காத்து எங்கேருந்து வருதுன்னு பாத்தேன்."

"ஆமா, அவங்ககிட்டயும் போய் அதையே சொல்லுங்க."

டைவர் ஆகவேண்டும் என்ற ஆசை அவருக்கு எப்போது வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நாள் முழுக்கக் காற்றை அனுப்புகிறார். அது போய்ச் சேருகிற இடத்தை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. ஒன்பது வருடமாக அந்தக் குழாயின் மறுமுனையில் இருந்தவர் அவருடைய அக்காவின் கணவர். மாமா மேலே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றியதும் இரண்டு வார்த்தை சொல்வார். "இன்னிக்கு என் கையே எனக்குத் தெரியல." அல்லது, "பெரிய மீன் ஒண்ணு முதுகைத் தட்டிட்டுப் போச்சு, சூப்பர்வைசர் மாதிரி." அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு காற்றுக்காரர் வீடு போகும் வரை யோசிப்பார்.

டைவர் பயிற்சிக்கு முப்பத்தெட்டு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். அவருக்கு முப்பத்தேழு முடிந்து ஐந்து மாதம். பயிற்சி நிலையத்துக்கு மூன்று கடிதம் எழுதியிருந்தார். வீட்டில் சொல்லவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எண்ணுவார். தொண்ணூறு வரை போனது.

"உள்ள என்ன, குளிக்கிறீங்களா குடியிருக்கீங்களா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

கப்பல் அணையும் மேடையின் இரும்புத் தூண்களில் துத்தநாகக் கட்டிகளை மாற்றுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. கடல்நீர் தூணை அரிக்காமல் கட்டியை அரிக்கும். சில வருடங்களில் அது கரைந்து எலும்பு போல் ஆகிவிடும். கழற்றிவிட்டுப் புதிது மாட்டவேண்டும். பதினோரு மீட்டர் ஆழம். மாமா பத்து மணிக்கு இறங்கினார். பதினோரு மணிக்குக் காற்றுக்காரர் எழுதிய வரி உண்மை: காற்று, கடலிலிருந்து.

பதினொன்று பத்துக்கு அவர் போன் அடித்தது. பயிற்சி நிலையம். எஞ்சின் சத்தத்தில் காதில் எதுவும் விழவில்லை. கிரேனுக்குப் பின்னால் போனார். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டாள். வயது என்ன, கண்ணாடி உண்டா, காதில் அறுவை எதுவும் செய்ததுண்டா, காசநோய் வந்ததுண்டா. அவர் ஒவ்வொன்றுக்கும் தேவைக்கு மேல் பதில் சொன்னார். இத்தனை வருடத்தில் தன் நுரையீரலைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை.

"தண்ணின்னா பயம் உண்டா?" என்று கேட்டாள்.

"எனக்கா?" என்று சிரித்தார்.

போனை வைத்த பிறகும் உடனே திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கிரேனைச் சுற்றி வந்தவர், கம்பத்தைப் பார்த்தார். நாடா கடல் பக்கம் பறந்துகொண்டிருந்தது. காற்று கரையிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. எஞ்சினின் நீலப் புகை நேராக வந்து, உறிஞ்சுகுழாயின் வாயைத் தடவிக்கொண்டு போனது.

அதே நேரத்தில் கொட்டகை ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது.

"நட்டு எங்க? நட்டை எங்க வச்சேன்?"

"கையில இருக்குன்னு இப்பதானே சொன்னீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"நட்டு எங்க?"

பிறகு மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நெஞ்சு மேல யாரோ உக்காந்திருக்காங்க. தூக்குங்க. என்னைத் தூக்குங்க."

அவசரத்துக்கென்று நல்ல காற்று நிரப்பிய சிலிண்டர்கள் எப்போதும் இணைத்துத் தயாராக இருக்கும். ஒரு திருகைத் திருப்பினால் போதும். 'சிலிண்டருக்கு மாத்துங்க' என்று காற்றுக்காரர் கத்தியிருக்கவேண்டும். மூன்றடி தூரத்தில் சூப்பர்வைசர் நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால், ஏன் என்று எல்லோரும் திரும்பி நாடாவைப் பார்த்திருப்பார்கள்.

அவர் கம்பத்தின் முடிச்சை அவிழ்த்து, மறுபக்கம் கொண்டுபோய்க் கட்டினார். எல்லோரும் குழாயை இழுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் பார்க்கவில்லை.

மாமாவை மேலே கொண்டுவந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்கள். வாந்தி எடுத்தார். தலையைப் பிடித்துக்கொண்டு தளத்தில் உட்கார்ந்தார். காற்றுக்காரர் அவர் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு நோட்டை எடுத்துப் பதினொன்றரைக்கான வரியை எழுதினார். அழுத்தம் சரி. எண்ணெய் சரி. தண்ணீர் வடித்தது. காற்று, கடலிலிருந்து. பன்னிரண்டு மணி வரியில், காற்று, கரையிலிருந்து. படிக்கிறவர்களுக்கு, மாமா மேலே வந்த பிறகுதான் காற்று திரும்பியது போல் இருக்கும்.

சூப்பர்வைசர் நோட்டை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "உங்க நோட்டு இருக்கும்போது நான் ஏன் காத்தைச் சந்தேகப்படப் போறேன்?" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு போடுகிறவர் மேல் அவ்வளவு நம்பிக்கை இருந்தால் முடியும்.

மருத்துவமனையில் மாமா கூட்டத்தோடு இரண்டு மணி நேரம் காத்திருந்தார். அதற்குள் நல்ல காற்றைச் சுவாசித்துச் சுவாசித்து உடம்பு தேறிவிட்டது. நெஞ்சு, காது, ரத்தம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை.

"மனசுல ஏதாவது கவலையா?" என்று டாக்டர் கேட்டார்.

வேறு யாராக இருந்தாலும் அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டிருப்பார்கள். மாமா தீர்ப்பாக எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து இறங்கப் பார்த்தார். ஏணியில் மூன்றாவது படியில், தண்ணீர் மார்பு வரை வந்ததும், "கழட்டுங்க, கழட்டுங்க" என்று ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்னொரு நாள் முயன்றார். அதே மூன்றாவது படி. அதன் பிறகு அவரே எழுதிக்கொடுத்து ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். கயிறு, கொக்கி, கையுறை எடுத்துக்கொடுத்துக் கையெழுத்து வாங்குகிற வேலை.

முடி வெட்டுகிற கடைக்குப் போனால், "மேல துணி போடாதீங்க" என்பார். முடியெல்லாம் சட்டைக்குள் விழும். "என்ன சார், துணிக்குக்கூடவா பயம்?" என்று கடைக்காரர் ஒரு முறை கேலி செய்தார். மாமா கடையை மாற்றிவிட்டார்.

அக்காவுக்கு மட்டும் சந்தோஷம். "ஒன்பது வருஷம், போன் அடிச்சாலே அவருக்கு என்ன ஆச்சோன்னு ஓடுவேன். இப்பதான் நிம்மதியா சாப்பிடுறேன்" என்று தம்பியிடம் சொன்னாள். அவள் கொஞ்சம் பருத்தும் இருந்தாள். அந்த நிம்மதியைத்தான் காற்றுக்காரர் நாலு மாதம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் அக்கா மறுபடியும் இளைப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது உண்மையும்கூட. உண்மையாக இருந்ததால்தான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது.

நாலு மாதம் ஆனதும் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "டைவர் ஒருத்தர் குறையுறார். கம்பெனி ஒரு ஆளைப் பயிற்சிக்கு அனுப்புது. பன்னிரண்டு வாரம். நீங்க அங்க மூணு கடிதம் போட்டிருக்கீங்களாமே, அவங்களே சொன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

காற்றுக்காரர் ஆசைப்பட்ட இடம் அதுதான். அது எப்படிக் காலியானது என்பதும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

செய்தி மிதவை முழுக்கப் பரவியது. டைவரின் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை நெட்டையர் என்று கூப்பிடுவார்கள். உயரத்தைவிட நாக்கு நீளம். "காத்து இனிமே தண்ணிக்குள்ள போகுதுப்பா. திரும்பி வந்தா குமிழியாத்தான் வரும்" என்றார். "இந்த வயசுல எதுக்குங்க? சரி விடுங்க, தலைக்கு மேல தண்ணி போனா சாண் என்ன முழம் என்ன."

"நம்ம வேலையில சாணும் முழமும்தான்யா கணக்கு" என்றார் சூப்பர்வைசர். "டைவ் அட்டவணையைப் பாரு, எந்த ஆழத்துல எவ்வளவு நேரம்னு மீட்டர் மீட்டரா எழுதியிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். காற்றுக்காரரும் சிரித்தார்.

விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது. ஐந்து வருடத்துக்குக் குறையாமல் டைவராக வேலை செய்த ஒருவர், இவர் இந்த வேலைக்குத் தகுந்தவர் என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். "வீட்டுக்குள்ளயே ஆள் இருக்காரே, வாங்கிட்டு வாங்க" என்றார் சூப்பர்வைசர்.

ஸ்டோர் ஜன்னலில் அந்தத் தாளை நீட்டியபோது மாமாவின் முகம் மலர்ந்தது. நாலு மாதத்தில் முதல் தடவை. "குடு மச்சான், குடு" என்று வாங்கிக்கொண்டார். உடனே எழுதவில்லை. ஓர் அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, சனிக்கிழமை மதியம் தாளில் ஏற்றிக் கொடுத்தார். கூடவே ஒரு கம்பளித் தொப்பி. ஹெல்மெட்டுக்கு அடியில் போட்டுக்கொள்ள அக்கா பின்னிக் கொடுத்தது.

"போட்டுக்க. நெத்தியில உரசாது. எனக்கு இனிமே எதுக்கு?"

காற்றுக்காரர் பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைப் படித்தார்.

'இவர் எனக்கு மச்சான் என்பதால் எழுதவில்லை. ஒன்பது வருடம் இவர் அனுப்பிய காற்றில் மூச்சு விட்டேன். கீழே இருக்கும்போது ஒரு நாளும் காற்றைப் பற்றி நினைத்ததில்லை. ஒரு டைவர் இன்னொருவரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. நான் வேலையை விட்டது என் மனதின் குறையால். இவருக்கு அந்தக் குறை கிடையாது.'

ஒரு பேருந்து வந்து போனது. அவர் ஏறவில்லை. அடுத்ததும் போனது.

அன்று சாயங்காலம், மனைவி மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். போன் வந்ததிலிருந்து தொப்பி வரை. அவள் துணிகளை மடிப்பதை நிறுத்தவில்லை.

"இப்ப சொல்லி யாருக்கு என்ன லாபம்?" என்றாள். "உங்க அக்கா சிரிக்கிறாங்க. அவரும் உசிரோட இருக்காரு. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பினா யாரு அடக்குறது?"

அவருக்கு நிம்மதியாக இருந்தது. தலையாட்டினார். அவள் இரண்டு தலையணை உறைகளை மடித்து முடித்தாள். பிறகு கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க கீழ இறங்கும்போது கம்ப்ரசர்கிட்ட யாரு இருப்பாங்க?"

"யாரையாவது புதுசா போடுவாங்க."

"அவங்களுக்குப் போன் வந்தா?"

அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபத்தொன்பதாவது நோட்டோடு அக்கா வீட்டுக்குப் போனார். மாமா சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து, ஒழுகுகிற குழாய்க்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாடா டைவரு" என்றாள். "டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டியா?"

அவர் நோட்டை விரித்து மாமாவின் முன்னால் வைத்தார். "இந்த வரியைப் படிங்க மாமா."

மாமா கையைத் துடைத்துக்கொண்டு படித்தார். தேதியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இதை எதுக்கு இப்ப? சரியாத்தானே எழுதியிருக்கே."

"பொய் மாமா. அப்ப காத்து கரையிலேருந்து. புகை முழுக்க உள்ள போயிருக்கு. நான் கிரேனுக்குப் பின்னாடி போன் பேசிட்டு நின்னேன். உங்களுக்குப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. விஷக் காத்து."

மாமா கத்தவில்லை. வேலை தெரிந்தவர் கேட்கிற கேள்விகளைக் கேட்டார்.

"எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம் நான் அங்க இல்ல. எப்ப திரும்புச்சுன்னு தெரியாது."

"நீ வந்து பாத்தப்ப, நான் மேல வந்துட்டேனா, கீழ இருந்தேனா?"

"கீழதான். நட்டு எங்கன்னு கேட்டுட்டு இருந்தீங்க."

"சிலிண்டருக்கு மாத்தச் சொன்னியா?"

"இல்ல."

"என்ன செஞ்சே?"

"கம்பத்தை மாத்திக் கட்டினேன்."

சுற்றாமல் விட்ட குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து தம்பியின் முன்னால் நின்றாள்.

"அவர் பொணமா மேல வந்திருந்தாலும், நீ கம்பத்தை மாத்திக் கட்டிட்டு நோட்டுதான் எழுதியிருப்பே. இல்லையாடா?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைத்தான் நாலு மாதமாக அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்தார்.

"தெரியலக்கா" என்றார்.

மாமா சிரித்தார். கேட்க நன்றாக இல்லாத சிரிப்பு. "முடி வெட்டுறவர்கிட்ட துணி போடாதீங்கன்னு கெஞ்சிட்டு இருக்கேன். லிப்ட்ல ஏறாம ஆறு மாடி நடக்குறேன். எல்லாம் உன் ஒரு வரி." நோட்டை மூடினார். "இப்ப கிளம்பு. இதை வச்சுட்டுப் போ."

வாசலில் செருப்பை மாட்டும்போது அக்கா பின்னாலேயே வந்தாள். அழுதிருந்தாள். "இனிமே அவர் மறுபடியும் இறங்குவாரு. அதுக்கும் நீதான்டா காரணம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் சொன்னார். "உங்க நோட்டு இருக்கும்போது..." என்று ஆரம்பித்த சூப்பர்வைசர் அப்படியே நிறுத்திக்கொண்டார். கம்ப்ரசர் பக்கத்தில் ஆள் இல்லாததை இருபத்தைந்து நிமிடம் கவனிக்காதது தன் தவறும்தான் என்று அறிக்கையில் எழுதினார். மேலிடத்தின் முடிவு ஒரு வாரத்தில் வந்தது. பயிற்சி ரத்து. கம்ப்ரசரிலிருந்தும் மாற்றம். டைவர் இறங்கியிருக்கும்போது மிதவையில் யாரும் போன் வைத்திருக்கக்கூடாது. காற்றுக்காரரை ஸ்டோரில் போட்டார்கள். மாமாவோடு ஒரே அறையில் வேண்டாம் என்று, மாமாவை அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நெட்டையர் அவரிடம் கேலி பேசுவதை நிறுத்திவிட்டார். "ஒரு ஜோடி கையுறை" என்பார். வாங்குவார். கையெழுத்துப் போடுவார். போய்விடுவார். அது போன்ற கையுறையோடுதான் அன்று அவர் மாமாவின் குழாயை இழுத்தார்.

ஐந்து வாரம் கழிந்தது. ஒரு நாள் காலை ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே மாமா நின்றார்.

"அந்தத் தொப்பி இருக்கா?"

காற்றுக்காரர் அதைத் தன் பையிலேயே வைத்திருந்தார். எடுத்துக் கொடுத்தார்.

"கதவைப் பூட்டிட்டு வா."

மிதவையில் மாமா இறங்க எல்லாம் தயாராக இருந்தது. கம்ப்ரசர் அருகில் புதிய ஆள். மாமா சூப்பர்வைசரிடம், "கம்பத்துக்கிட்ட இவன் நிக்கட்டும். வேற எதையும் தொட வேணாம். நாடாவை மட்டும் பாக்கட்டும்" என்றார்.

"இவரா?" என்றார் சூப்பர்வைசர். "இவராலதானே எல்லாம்?"

"அதனாலதான் சொல்றேன். இனிமே செத்தாலும் இவன் கண்ணு வேற பக்கம் போகாது."

தண்ணீருக்குள் இரண்டு படிகள். மூன்றாவதில் மாமா நின்றார். நெட்டையர் குழாயைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டார். ஸ்பீக்கரில் மாமாவின் குரல் கேட்டது.

"காத்து எங்கேருந்து?"

யாரைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சூப்பர்வைசர் மைக்கைக் காற்றுக்காரர் பக்கம் நீட்டினார்.

"கடலிலேருந்து மாமா."

நாலாவது படி. ஐந்தாவது. "எங்கேருந்து?" "கடலிலேருந்து." தலை உள்ளே போனது. குமிழிகள் வந்தன. மூன்று மீட்டரில் கேட்டார். ஐந்து மீட்டரில் கேட்டார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வேகமாக இருந்தது. பிறகு கொஞ்சம் அடங்கியது. எட்டு நிமிடம் ஆனது.

அப்போது நாடா துவண்டது. ஒரு நொடி கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. பிறகு மெல்ல எழுந்து, கடல் பக்கம் திரும்பியது.

சொன்னால் கீழே இருக்கிறவர் என்ன ஆவார் என்று காற்றுக்காரருக்குத் தெரியும். இப்போதுதான் மூச்சு அடங்கியிருக்கிறது. முடிச்சை அவிழ்த்துச் சத்தமில்லாமல் மாற்றிக் கட்டினால் அரை நிமிடம்தான் ஆகும்.

"சிலிண்டருக்கு மாத்துங்க!" என்று கத்தினார். குரல் கிரேன் வரை போனது. "காத்து திரும்பிடுச்சு மாமா, கரையிலேருந்து வருது! சிலிண்டருக்கு மாத்துங்க!"

சூப்பர்வைசரின் கை அவர் சொல்லி முடிப்பதற்குள் திருகைத் திருப்பியது. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் வேகவேகமாகக் கேட்டது. ஐந்து முறை, ஆறு முறை. நெட்டையர் இழுக்கத் தயாராகக் குனிந்தார்.

"தூக்கட்டுமா?" என்றார் சூப்பர்வைசர்.

"இருங்க." இன்னும் இரண்டு மூச்சு. "அவனை மாத்திக் கட்டச் சொல்லுங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

காற்றுக்காரர் கம்பத்தை மறுபக்கம் கொண்டுபோய் முடிச்சை இரண்டு முறை போட்டார். கட்டி முடித்துவிட்டு நாடாவைப் பார்த்தார். புதிய ஆள் நோட்டில் வரியை எழுதிக்கொண்டிருந்தார். காற்றுக்காரர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். நேரமும் திசையும் சரியாகவே இருந்தன. திரும்பவும் நாடாவைப் பார்க்க ஆரம்பித்தார்.